கணக்கில் பிறந்த யாழ்கள்

1947 ஜூன் 5ஆம் நாள், அன்றைய தஞ்சை மாவட்டத்துத் திருக்கொள்ளம்பூதூர்ச் சிவன் கோயிலில் ஒரு புத்தகத்துக்கு அரங்கேற்றம் நடந்தது. புத்தகத்தோடு கருவிகளும் ஊர்வலம் வந்தன. முளரி யாழ், சுருதி வீணை, பாரிசாத வீணை, சதுர்தண்டி வீணை என்று பெயரிட்ட புதிய கருவிகளைத் தாங்கிக்கொண்டு புலவர்களும் இசைவாணர்களும் கோயிலுக்குள் நுழைந்தார்கள். க. பொ. சிவானந்தம் பிள்ளை மீட்டிக் காட்டினார். நூல், கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட ‘யாழ்நூல்’. விழாவுக்குத் துணைநின்றவர் கோனூர் ஜமீன்தார் சிதம்பரம் செட்டியார். நூலை எழுதியவரும் கருவிகளை வகுத்தவரும் மட்டக்களப்பு மண்ணிலிருந்து போன சுவாமி விபுலானந்தர். உடல் மிக நலிந்திருந்த காலம் அது. ஆறு வாரத்தில், ஜூலை 19 அன்று, கொழும்பில் காலமானார். கல்லடி உப்போடையில் தாம் கட்டியெழுப்பிய சிவானந்த வித்தியாலயத்தின் முன்றிலில் அவரை அடக்கம் செய்தார்கள்.

மட்டக்களப்பில் விபுலானந்தரைப் பற்றி எழுதுவதென்றால் மாலையோடு தொடங்கி மாலையோடு முடிப்பது வழக்கம். முத்தமிழ் வித்தகர் என்ற பட்டம் முன்னே வந்து நின்றுவிடும். யாழ் பின்னே தள்ளப்படும். நான் இங்கே எடைபோட விரும்புவது அந்தக் கருவிகளை மட்டும். ஆயிரம் ஆண்டு வழக்கொழிந்த ஒரு கருவிக் குடும்பத்தை ஒருவர் ஏட்டிலிருந்து எழுப்ப முயன்றார். எழுந்ததா? எழுந்தது எது? ஊர்வலத்தில் வந்த நான்கு பெயரையும் நிதானமாகப் படித்தாலே ஒரு விஷயம் உறுத்தும். யாழ்நூலின் அரங்கேற்றத்தில் யாழ் ஒன்று, வீணை மூன்று. இந்தக் கணக்கை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. விடை அதற்குள்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆளைப் பற்றிச் சில வரி தேவை. 1892இல் காரைதீவில் பிறந்த மயில்வாகனம் (விபுலானந்தரின் இயற்பெயர்), மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் தேர்வில் 1916இல் தேறியவர். 1920இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் விஞ்ஞானம் கற்பித்தவர். துறவு பூண்ட பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். பண்டிதரும் விஞ்ஞான ஆசிரியரும் ஒரே உடம்பில் குடியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு யாழ்நூல் சாட்சி. உ. வே. சாமிநாதையரின் சிலப்பதிகாரப் பதிப்பு வெளிவந்ததும் அதே 1892இல்தான். அந்தப் பதிப்பு இல்லையென்றால் யாழ்நூல் இல்லை. காரைதீவு கண்ணகி அம்மன் கோயிலுக்குப் பெயர்போன ஊர் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். வைகாசிச் சடங்கில் கண்ணகி வழக்குரையைக் காதால் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குச் சிலம்பு வெறும் பாடப்புத்தகமாக இருந்திருக்க முடியாது.

ஏறத்தாழ 14 ஆண்டு உழைத்து எழுதிய நூலில் ஏழு இயல்கள். யாழுறுப்பியல் கருவியின் அங்கங்களைப் பேசுகிறது. இசைநரம்பியலும் பாலைத்திரிபியலும் சுரக் கணக்கைப் பேசுகின்றன. பண்ணியலும் தேவாரவியலும் அந்தக் கணக்கைப் பண்களுக்குப் பொருத்துகின்றன. கருவிகளை மதிப்பிட இவற்றில் முதலில் சொன்ன மூன்றும் போதும்.

யாழின் உருவத்துக்கு அவருக்குக் கிடைத்த மிகச் சிறந்த சாட்சி பொருநராற்றுப்படை. அது யாழை வருணிக்கும் பகுதியைப் பாட்டாகப் படிக்காமல் ஒரு கைவினைஞன் கண்ணால் படித்துப் பாருங்கள். மானின் குளம்பு மண்ணில் அழுந்திய தடத்தைப்போல இரு பகுப்பாக, நடு மேடிட்டு இருபுறமும் சரிந்த பத்தர் என்னும் ஒலிப்பெட்டி. அதன்மேல் விளக்குச் சுடரின் நிறமுள்ள தோலை இழுத்துத் தைத்திருக்கிறார்கள். சூல் வெளித்தெரியாத இளம்பெண்ணின் வயிற்றில் ஓடும் மென்மயிர் ஒழுங்கைப்போலத் தையல் வரி ஓடுகிறது. தோலைப் பொருத்திய துளைகளை மூடிய ஆணிகள் வளை நண்டின் கண்போல. உள்நாக்கு இல்லாத வாய், எட்டாம் நாள் பிறையின் வடிவம். தலை தூக்கிய பாம்பைப்போலக் கரிய கோடு என்னும் தண்டு. கருநிறப் பெண்ணின் முன்கையில் நெருங்கிய வளைகளைப்போலக் கோட்டைச் சுற்றிக் கட்டிய திவவு. குற்றிய தினையரிசிபோல முறுக்குக் குறையின்றித் தேர்ந்த நரம்பு. செய்தவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தவன்தான் இப்படி எழுதமுடியும். ஆனால் ஒன்று: இத்தனை நுணுக்கத்திலும் ஓர் அளவுகூட இல்லை. கோடு எத்தனை சாண், பத்தர் எத்தனை விரல், எந்த நரம்பு எவ்வளவு நீளம் என்ற பேச்சே இல்லை. புலவனுக்கு அது வேண்டியதில்லை. செய்யப் புகுந்த விபுலானந்தருக்கு வேண்டும். அளவு கிடைக்காத இடத்தை அவர் கணிதத்தால் நிரப்பினார். அவருடைய பலமும் பலவீனமும் அங்கேதான் தொடங்குகின்றன.

முதலில் பலம். யாழ் என்பது வில்போல் வளைந்த, ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு நரம்பு கொண்ட, மெட்டில்லாத கருவி என்பது அவர் முடிவு. யாழ்நூல் வந்த சில ஆண்டுகளிலேயே இதற்கு எதிர்ப்பு வந்தது. ஆபிரகாம் பண்டிதரின் மகன் ஆ. அ. வரகுண பாண்டியன் ‘பாணர் கைவழி’ என்ற நூலில், யாழ் இன்றைய வீணையேதான் என்று வாதாடினார். வீணை வாசிக்கிறவர் செய்த வாதம். எளிதில் தள்ளிவிட முடியாது. தமிழிசையின் உயிர் கமகம். தந்தியை இழுக்கவும் அசைக்கவும் இடம்தராத கருவியில் அந்த இசை எப்படி நின்றிருக்கும் என்பது அவர் கேள்வியின் சாரம்.

கேள்வி நல்லது. சான்று மறுபக்கம் நிற்கிறது. அமராவதிச் சிற்பங்களில் மடியில் வைத்து மீட்டப்படுவது வில்வடிவக் கருவி. சமுத்திரகுப்தனின் பொன்நாணயத்தில் அரசன் வாசிப்பதும் அதுவே. மாணிக்கவாசகர் வீணை வாசிப்பவரையும் யாழ் வாசிப்பவரையும் ஒரே அடியில் தனித்தனியாக நிறுத்துகிறார். ஒரே கருவிக்கு இரண்டு பெயரென்றால் அந்தப் பிரிவு எதற்கு? எல்லாவற்றையும்விட எனக்கு வலுவாகப்படுவது திருநீலகண்ட யாழ்ப்பாணரின் கதை. பாணரின் யாழால்தான் சம்பந்தர் பாட்டுக்குப் பெருமை என்று பாணரின் சுற்றத்தார் தருமபுரத்தில் பேச, கருவியில் அடங்காத இசையில் சம்பந்தர் ஒரு பதிகம் பாடுகிறார். பாணர் மனமுடைந்து யாழை உடைக்கப் போகிறார். பெரியபுராணம் 12ஆம் நூற்றாண்டுக் கதை என்று ஒதுக்கினாலும், அந்தப் பதிகத்துக்கு யாழ்முரி என்ற பெயர் ஒட்டியிருக்கிறது. குரலால் முடிந்த ஏதோ ஒன்று யாழால் முடியவில்லை என்ற நினைவு அதில் உறைந்திருக்கிறது. திறந்த நரம்புக் கருவிக்கு வழுக்கும் சுரம்தான் எட்டாத ஒன்று. வரகுண பாண்டியனின் கேள்வியே விபுலானந்தரின் பக்கச் சாட்சியாகிவிடுகிறது: யாழால் கமகம் காட்ட முடியாததால்தான் அது தோற்றது, வீணை வென்றது.

இன்னும் வேண்டுமென்றால் பர்மாவுக்குப் போகலாம். அங்கே 16 நரம்புள்ள சௌங் என்ற வில்வடிவ யாழ் இன்றும் வாசிக்கப்படுகிறது. படகுபோன்ற பத்தர்மேல் தோல் போர்த்து, கோட்டைச் சுற்றி முறுக்குக் கயிறு கட்டிச் சுருதி சேர்ப்பது அதன் மரபு. திவவு என்றால் என்ன என்று உரையாசிரியர்களைத் துருவுவதைவிட அந்தக் கயிற்றை ஒருதரம் பார்ப்பது தெளிவு. மத்தியப் பிரதேசத்துக் கோண்டு மக்களிடையே பாடும் பர்தான் பாணர்களிடம் ஐந்து நரம்புப் பின்-பாஜா தங்கியிருக்கிறது. உருவத்தைப் பொறுத்தவரை விபுலானந்தர் சரி. இந்த வழக்கை நான் மூடிவிடுவேன்.

நரம்பின் எண்ணிக்கைக்கு வரும்போது அப்படிச் சொல்ல முடியவில்லை. பேரியாழுக்கு 21, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்ற பட்டியல் சிலப்பதிகார உரையிலிருந்து வருவது. அடியார்க்குநல்லாரின் உரை காப்பியத்துக்குப் பல நூற்றாண்டு பின்னையது. பொருநராற்றுப்படைக்கோ ஆயிரம் ஆண்டு பின்னையது. அவர் காலத்தில் யாழ் கையில் இருந்ததா, ஏட்டில் மட்டும் இருந்ததா என்பதே ஐயம். தமக்கு முந்திய இசைநூல்கள் இறந்துபட்டதை அவரே சொல்லி வருந்துகிறார். விதியின் வேடிக்கை என்னவென்றால், மாதவியும் கோவலனும் யாழை மாறிமாறி வாங்கி வாசிக்கும் கானல்வரிக்கே அவருடைய உரை கிடைக்கவில்லை. நமக்கு எங்கே அதிகம் தேவையோ அங்கே ஏடு இல்லை.

யாழ்நூலின் பெரிய குறை இதை ஒட்டியது. சங்கப் பாணன், இளங்கோ, தேவார மூவர், அடியார்க்குநல்லார், 13ஆம் நூற்றாண்டுச் சார்ங்கதேவர், 17ஆம் நூற்றாண்டுச் சங்கீத பாரிசாதம் எல்லோரும் ஒரே மன்றத்தில் உட்கார்ந்து ஒரே இசையைப் பேசுவதாக அந்த நூல் எடுத்துக்கொள்கிறது. ஒருவர் விட்ட இடத்தை அடுத்தவர் நிரப்புகிறார். கணிதத்துக்கு இது வசதி, வரலாற்றுக்கு ஆகாது. ஓர் உதாரணம். தமிழ் மரபில் குரல் முதலாக ஏழு சுரத்துக்குரிய அலகுகள் 4, 4, 3, 2, 4, 3, 2. கூட்டினால் 22. பரதர் சட்ஜம் தொடங்கிச் சொல்வது 4, 3, 2, 4, 4, 3, 2. பரதரின் வரிசையை மத்திமத்திலிருந்து எண்ணிப் பாருங்கள்: எழுத்துப் பிசகாமல் தமிழ் வரிசை வந்துவிடும். பார்க்கும் எவருக்கும் சிலிர்க்கும். ஆனால் இந்தப் பொருத்தம் இரண்டு மரபுக்கும் ஒரே கணக்கு உண்டு என்பதைத்தான் காட்டும். எது முந்தியது, சங்கப் பாணன் உண்மையில் அப்படித்தான் நரம்பைக் கட்டினானா என்பவற்றை அது சொல்லாது. எண் அழகாக அமைந்துவிட்டால் காலமும் அமைந்துவிட்டதாக நம்பும் ஆசை நூல் நெடுகத் தெரிகிறது.

இனித் தோலும் நரம்பும். ஒரே தடிப்பும் ஒரே இழுவிசையும் உள்ள நரம்பின் சுருதி இரட்டிக்க வேண்டுமானால் நீளம் பாதியாக வேண்டும்; நீளத்தைத் தொடாமல் இரட்டிக்க வேண்டுமானால் இழுவிசை நான்கு மடங்காக வேண்டும். 21 நரம்புப் பேரியாழை மெலிவு, சமன், வலிவு என்ற மூன்று தானத்துக்கும் கட்டினால், அடி நரம்புக்கும் உச்சி நரம்புக்கும் இடையே சுருதி ஏழு மடங்குக்கு மேல் விலகும். உச்சி நரம்பு 15 சென்ரிமீற்றர் என்றால் அடி நரம்பு ஒரு மீற்றரைத் தாண்டும். தாண்டக்கூடாது என்றால் நரம்பின் தடிப்பை மாற்றவேண்டும். நரம்புக்கு மூன்று கிலோ இழுவிசை என்று வைத்தாலும் மொத்தம் 63 கிலோ. அத்தனையையும் தாங்குவது ஒரு தோலும் ஒரு வளைந்த மரமும். ஒரு நரம்பை முறுக்கினால் கோடு இம்மியளவு வளையும். அந்த இம்மியில் மற்ற இருபதும் தளரும். வில்யாழ் வாசிக்கும் எந்த நாட்டவருக்கும் தெரிந்த தொல்லை இது. குடல்நரம்போ ஈரத்துக்கு ஊதிச் சுருதி மாறும். கச்சான் காற்று அடிக்கும் ஆடி மதியத்தில் சேர்த்த சுருதி, வாடைக்காற்று தொடங்கிய மார்கழி மாலையில் நிற்காது. மட்டக்களப்பில் மத்தளம் வைத்திருக்கும் எந்த அண்ணாவியாரைக் கேட்டாலும் தோலும் ஈரமும் எப்படிச் சண்டைபிடிக்கும் என்று சொல்வார்.

22 அலகுக் கொள்கையின் நுண்மையான இடைவெளி 81/80 என்ற விகிதம். அரைச் சுரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. தோலும் குடல்நரம்பும் திவவுக்கயிறும் சேர்ந்த ஒரு கருவியில் அந்த இடைவெளியை நிறுத்திக் காட்டவே முடியாது என்று சொல்லமாட்டேன். நிறுத்தியதாகச் சாதிக்க முடியாது என்பேன். நல்ல காது உள்ள பாணன் ஒருவன் அந்த நேரத்துக்குச் சேர்த்திருப்பான். அளந்து மெய்ப்பிக்க அது கருவி ஆகாது.

விபுலானந்தருக்கு இது தெரியாதிருக்க வாய்ப்பில்லை. விஞ்ஞான ஆய்வுகூடத்தில் நின்றவர் அவர். அதனால்தான் மூன்று வீணை. சுருதி வீணை, பெயரே சொல்வதுபோல், அலகுகளைக் காதுக்குக் காட்டுவதற்கு. பாரிசாதம், தந்தியின் நீளத்தைப் பகுத்துச் சுரத்தானங்களை வரையறுத்த அகோபலரின் நூல். சதுர்தண்டிப் பிரகாசிகை, தஞ்சையில் வேங்கடமகி 72 மேளத்தை வகுத்த நூல். அந்த நூல்களின் பெயரைச் சூடிய வீணைகளை அந்தந்த நூலின் சுரத்தானங்களைக் கேட்டு ஒப்பிடுவதற்கான அளவுகோல்கள் என்று கொள்வதே பொருந்தும். மெட்டு நகராது, தந்தியின் நீளத்தை அடிமட்டம் வைத்து அளக்கலாம், ஒருவர் செய்ததை இன்னொருவர் செய்து பார்க்கலாம். யாழ்நூலின் கொள்கையைத் தாங்கி நின்றவை இந்த வீணைகளே. யாழ் அந்த ஊர்வலத்தின் கொடி. வீணைகள் அதன் ஆய்வுகூடம்.

அந்த ஆய்வுகூடத்தின் மதிப்பை அறிய ஆபிரகாம் பண்டிதரோடு ஒப்பிடவேண்டும். மருத்துவத்தில் சம்பாதித்த பணத்தைத் தஞ்சையில் இசை மாநாடுகளாகக் கொட்டிய அந்த மனிதர், 1917இல் வெளிவந்த கருணாமிர்த சாகரத்தில் 22 சுருதியை மறுத்து 24 சம அலகுகளை நிறுவ முயன்றார். சமப் பகுப்பின் வசதி பெரிது: எந்தச் சுரத்திலிருந்து தொடங்கினாலும் கணக்கு உடையாது. ஆனால் காது கேட்கும் 3/2 என்ற இளி (பஞ்சமம்) சமப் பகுப்பில் மயிரிழை விலகிவிடும். விபுலானந்தர் விகிதத்தின் பக்கம் நின்றார். விகிதத்தில் நின்றால் வேறு தொல்லை: இளி இளியாகப் பன்னிரண்டு முறை ஏறினால் வட்டம் சரியாக மூடாது, சிறு மிச்சம் நிற்கும். அந்த மிச்சத்தோடு மல்லாடுவதுதான் பாலைத்திரிபியலின் கடினம். இருவரில் யார் சரி என்ற கேள்விக்கு நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. கேள்வியைக் கருவி வைத்துக் கேட்கலாம் என்று காட்டியதில் இருவரும் தங்கள் தலைமுறைப் புலவர்களைவிட வெகுதூரம் முன்னே நின்றார்கள்.

மட்டக்களப்பு வாவியைத் தொடாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. பாடும் மீன் எங்கள் ஊரில் எல்லாவற்றுக்குள்ளும் வந்துவிடும். யாழ்நூலின் பாயிரவியலிலேயே நீரரமகளிரின் இன்னிசையாக அது வந்துவிடுகிறது. நிலவு காலத்தில் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தித் துடுப்பின் ஒரு முனையை நீரில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்தால் கேட்கும் ஒலி அது. 1848இல் கேட்ட காலனி அரசின் அதிகாரி எமர்சன் டெனன்ட், ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்த அதிர்வுக்கு ஒப்பிட்டார். தொடர்ந்து நீளும் ஒரே சுரம் அல்ல, தனித்தனியான சிற்றொலிகளின் கூட்டம் என்று எச்சரிக்கையோடு குறித்தார். 1950களில் இயேசு சபையைச் சேர்ந்த லாங் அடிகளார் ஒலிப்பதிவு செய்ய, இலங்கை வானொலி அதை ஒலிபரப்பியது. விபுலானந்தரோ அதிலிருந்து ஏழிசைக்குத் தாவிவிடுகிறார். கவிதையாக எனக்கு அது பிடிக்கும். ஆனால் அளவுகோலோடு வந்த நூலின் வாசலில் அளக்கப்படாத ஓர் ஒலி தெய்வமாக உட்கார்ந்திருப்பது, பின்னால் வரும் பிசகுகளுக்கு முன்னறிவிப்பு. கேட்டதும் விரும்பியதும் அவருக்குச் சில இடங்களில் ஒன்றாகிவிடுகின்றன.

வாவிக்கரையில் வேறு ஒலிகளும் இருந்தன. படுவான்கரைக் கிராமங்களின் வட்டக் களரியில் விடியவிடிய ஆடும் வடமோடி, தென்மோடிக்கு மத்தளமும் சல்லரியும். கோயில் சடங்குக்கு உடுக்கும் சிலம்பும். பறைமேளத்தோடு சொர்ணாளி. அத்தனையும் ஊரிலேயே செய்தவை. தோலைப் பதம்பார்ப்பவர், மரம் குடைபவர், சுருதி கேட்பவர் எல்லோரும் ஒரே கிராமத்தில் அகப்படுவார்கள். யாழ்நூல் நரம்புக் கருவியைப் பற்றியது. பறையைப் பேசவில்லை என்று குறைசொல்வது நியாயமாகாது. என் குறை வேறு. தோலும் மரமும் எப்படி நடந்துகொள்ளும் என்ற அறிவு கூப்பிடு தூரத்தில் இருந்தபோது, அந்த அறிவுக்கு நூலின் வாதத்தில் இடமில்லை. ஏட்டுக்கும் எண்ணுக்கும் கிடைத்த மதிப்பு கைக்குக் கிடைக்கவில்லை.

இதில் சாதியும் இருக்கிறது. பறையைச் சில குடும்பங்கள் விட்டொழித்தது, அதை இழிதொழிலாகச் சுமத்தியவர்களுக்கு எதிராக எடுத்த முடிவு. கலை அழிகிறதே என்று வெளியே நின்று அழுபவர்களைவிட அவர்களுக்கு நியாயம் அதிகம். யாழைத் தூக்கி வைத்துக் கொண்டாடுவதில் அந்தச் சங்கடம் எவருக்கும் இல்லை, வாசிக்கும் சாதி இன்று இல்லையாதலால். யாழ்ப்பாணர் வந்தபோது அவரைத் தங்கவைக்கத் திருநீலநக்கரிடம் சம்பந்தர் இடம் கேட்கவேண்டியிருந்தது என்று பெரியபுராணம் சொல்வதை நாம் பெருமையோடு படிக்கிறோம். கேட்கவேண்டியிருந்ததே என்பதைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

பிறகு நடந்தது என்ன? யாழ் இலச்சினைகளிலும் விழா மேடைகளின் பின்திரையிலும் ஏறியது. கச்சேரி மேடைக்கு ஏறவில்லை. மாணவனுக்குப் பாடமாகவில்லை. ஒரு கருவி உயிரோடிருக்கிறது என்று சொல்ல, அது உடைய வேண்டும், திருத்தப்பட வேண்டும், அடுத்தது முந்தியதைவிடக் கொஞ்சம் மாற வேண்டும். சென்னையில் ‘உரு’ என்ற பட்டறையில் தருண் சேகர் செய்யும் யாழ் எனக்கு அந்த அளவில் முக்கியமாகப்படுகிறது. 2021இல் ‘அழகி’ என்ற பாட்டில் அதை வாசித்துக் காட்டினார். சங்கப் பண் எதையும் அவர் நிறுவவில்லை. நரம்பு நிற்கிறதா, மரம் தாங்குகிறதா, பாட்டுக்கு உதவுகிறதா என்றுதான் பார்த்தார். விபுலானந்தரிடம் இருந்த படிப்பு அங்கே தேவைப்படவில்லை, விபுலானந்தரிடம் இல்லாத பட்டறை அங்கே இருந்தது. மட்டக்களப்பிலும் இன்னொரு வழி திறந்தது. கிழக்குப் பல்கலைக்கழகச் சூழலில் பிறந்த இன்னியம், மேலைநாட்டு பாண்ட் வாத்தியம் நின்ற இடத்தில் பறையையும் உடுக்கையும் மத்தளத்தையும் சொர்ணாளியையும் சங்கையும் அணிவகுத்து நிறுத்தியது. வீதியில் ஒலிக்கிறது; தோல் கிழிந்தால் மறுநாள் போர்த்துகிறார்கள்.

ஆகவே என் தீர்ப்பு இது. விபுலானந்தரின் யாழ்கள் மீட்கப்பட்ட பழங்கருவிகள் என்ற உரிமைக்கோரல் நிற்காது: உருவத்தில் பெரும்பாலும் சரி, நரம்பு எண்ணிலும் அளவிலும் நிறுவப்படாதவை, ஒலியில் சான்றே இல்லாதவை. வீணைகள் நிற்கும். தமிழ்ப் பண்ணின் இலக்கணத்தைக் காதுக்கும் அடிமட்டத்துக்கும் முன்னால் கொண்டுவந்து, மறுக்கவும் இடம்கொடுத்து நிறுத்திய சோதனைக் கருவிகள் என்ற அளவில் அவற்றுக்கு ஈடாகத் தமிழில் அன்று அதிகம் இல்லை. யாழ்நூலை இனிப் படிப்பவர் யாழுறுப்பியலை ஐயத்தோடும் இசைநரம்பியலைப் பென்சிலோடும் படிக்கவேண்டும். பொன்னாடை போர்த்துபவர்கள் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

ஒரு யாழை மட்டும் இந்தத் தீர்ப்பிலிருந்து விலக்கி வைக்கிறேன். பெரும்பாணாற்றுப்படையில் ஆயன் ஒருவன் குழல் ஊதி அலுத்தபின், உள்துளையுள்ள குமிழங்கொம்பை வளைத்து மரல் நாரைக் கட்டி வில்யாழ் செய்து குறிஞ்சி வாசிக்கிறான்; தம் இனத்தின் குரலென்று மயங்கி வண்டுகள் செவிகொடுக்கின்றன. செய்முறை முழுதும் பாட்டிலேயே இருக்கிறது. அடியார்க்குநல்லாரின் உரையும் தேவையில்லை, 81/80உம் தேவையில்லை. குமிழும் மரலும் கிழக்கின் வரண்ட காட்டோரங்களுக்குப் புதியவை அல்ல. கல்லடியில் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. முதலாண்டு மாணவருக்கு ஒரு கத்தியையும் ஒரு வாரத்தையும் கொடுத்து இதைச் செய்துவரச் சொல்லலாம். எத்தனை நார் நிற்கிறது, எது அறுகிறது, எந்தச் சுருதியில் கொம்பு வளைந்துகொடுக்கிறது, மாரியில் எவ்வளவு இறங்குகிறது என்று அவர்கள் குறித்துவந்தால் யாழுறுப்பியலுக்கு வேண்டிய பின்னிணைப்பு கிடைக்கும்.